யு/ஏ 16+ படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? சென்சார் எழுத்து எப்படி முடிவாகிறது?

மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. பார்க்க நினைத்த படத்தின் விளம்பரத்தில் ‘யு/ஏ 16+’ என்று போட்டிருக்கிறது, தியேட்டரில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எழுத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், ஒரே அளவு வெட்டுக்குத்து இருக்கும் இரண்டு படங்களில் ஒன்றுக்கு ‘ஏ’வும் இன்னொன்றுக்கு ‘யு/ஏ’வும் எப்படிக் கிடைக்கிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. பல வருடங்கள் எடிட்டிங் அறையில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். விடுவார்கள். ‘யு/ஏ’ என்று தொடங்கும் எந்தச் சான்றிதழும் வாசலில் நிற்பவருக்கான உத்தரவு அல்ல, பெற்றோருக்கான எச்சரிக்கை. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: அந்த வயதுக் குறியீடு பெற்றோரோ பாதுகாவலரோ யோசித்து முடிவெடுப்பதற்காக; வேறு யாரும் அதை வைத்துக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகவே 16+ படத்துக்கு 14 வயதுப் பையனைக் கூட்டிப் போவது சட்டப்படி குற்றம் இல்லை. டிக்கெட் கிழிப்பவர் “பையனுக்கு 16 ஆகிடுச்சா சார்?” என்று கேட்டால், அவர் ‘ஏ’ படத்தின் விதியையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

‘ஏ’ கதை முற்றிலும் வேறு. 18 வயது நிறையாதவருக்கு அந்தப் படத்தைத் திரையிடுவதே குற்றம். அப்பா கூட இருக்கிறார், அம்மா சம்மதித்துவிட்டார் என்பதெல்லாம் எடுபடாது. மாட்டிக்கொண்டு தண்டனை வாங்குபவர் தியேட்டர்காரர். கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று செய்தி வரும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த மேலாளர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கப் படங்களும் ஒரு காரணம். அங்கே ‘ஆர்’ என்று ஒரு வகை உண்டு. 17 வயதுக்குக் கீழே இருப்பவர் பெரியவர் துணையோடு போய் அதைப் பார்க்கலாம். நம் ‘ஏ’வை அதோடு ஒப்பிட்டு, “நான்தான் கூட இருக்கேனே” என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பது 1968-ல் திரைத்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஏற்பாடு; அரசு தருவது அல்ல. இங்கே இருப்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். சான்றிதழ் இல்லாமல் படம் பொதுத்திரைக்கே வர முடியாது.

இனி எழுத்துகளுக்கு வருவோம். 1983 வரை நம்மிடம் இருந்தவை ‘யு’, ‘ஏ’ இரண்டே இரண்டுதான். ஒன்று எல்லோருக்கும், மற்றது வயது வந்தவர்களுக்கு. 1983-ல் நடுவில் ‘யு/ஏ’ வந்தது. 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட தொழில் வட்டத்துக்கு மட்டும் என்று ‘எஸ்’ ஒன்றும் அப்போதே வந்தது. அதை நீங்கள் தியேட்டரில் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அதே ஆண்டில்தான் இந்தச் சான்றிதழ்களைத் தரும் மத்திய வாரியத்தின் பெயரிலிருந்து ‘தணிக்கை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சான்றிதழ்’ என்று வைத்தார்கள். ஊர் வாயில் மட்டும் இன்றைக்கும் அது சென்சார்தான். “படம் சென்சாருக்குப் போயிருக்கு” என்றுதான் நாங்களும் சொல்வோம்.

‘யு/ஏ’ என்ற அந்த ஒரு பெட்டிக்குள் எட்டு வயதுப் பிள்ளையைக் கொஞ்சம் பயமுறுத்தும் படமும் இருந்தது, பதினைந்து வயதுக்காரரையே உலுக்கிவிடும் படமும் இருந்தது. பெற்றோருக்கு இதில் என்ன தகவல் கிடைக்கும்? 2016-ல் இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையில் அரசு அமைத்த குழு இதைப் பிரிக்கச் சொன்னது. அதற்குள் ஓடிடி தளங்களுக்கு 2021-ல் வந்த விதிகள் 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டன. பிறகு 2023-ல் சட்டத்தைத் திருத்தி, 2024 மார்ச்சில் புதிய விதிகளையும் அறிவித்து, சினிமாவுக்கும் அதே மூன்று படிகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது வரிசை இது: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. நடுவில் இருக்கும் மூன்றும் ஆலோசனை. கடைசி ஒன்றுதான் பூட்டு.

யார் முடிவு செய்கிறார்கள்? வாரியத்தின் தலைமை அலுவலகம் மும்பையில். சென்னை, ஹைதராபாத், திருவனந்தபுரம், பெங்களூரு, கொல்கத்தா என்று மும்பையையும் சேர்த்து ஒன்பது இடங்களில் மண்டல அலுவலகங்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் சென்னை அலுவலகத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு மண்டலத்திலும் ஆலோசனைக் குழு என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆசிரியர், வழக்கறிஞர், எழுத்தாளர், சமூக சேவகர் என்று பல தரப்பினரை மத்திய அரசு அதில் நியமிக்கிறது. முழுநீளப் படம் என்றால் அந்தப் பட்டியலிலிருந்து நான்கு பேர் ஆய்வுக் குழுவாக உட்காருவார்கள். அவர்களில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. வாரியத்தின் அதிகாரி ஒருவரும் கூட இருப்பார்.

படத்தை முழுமையாக முடித்து, பின்னணி இசை சேர்த்து, வசனமும் பாடல் வரிகளும் எழுத்தில் கொடுத்த பிறகே திரையிடல். அரைகுறையாகக் காட்ட முடியாது. குழு பார்க்கும்போது தயாரிப்பாளரோ இயக்குநரோ உள்ளே இருக்கக் கூடாது. வெளியே நின்று டீ குடித்துக்கொண்டே, உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். படம் முடிந்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் தன் கருத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும்: எந்த வகைச் சான்றிதழ், எந்த இடத்தில் வெட்டு, என்ன காரணம். அதன் பிறகு இயக்குநரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்த அறையில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அங்கே வழக்கமாக விழும் வாக்கியம் “இந்தப் படத்துக்கு ‘ஏ’ தருகிறோம்” என்பதோடு முடிவதில்லை. “இப்படியே வேண்டும் என்றால் ‘ஏ’, ‘யு/ஏ’ வேண்டும் என்றால் இந்தந்த இடத்தில் மாற்றம் செய்யுங்கள்” என்பதுதான் முழு வாக்கியம். கழுத்தறுக்கும் காட்சியில் ரத்தத்தை ப்ளர் செய், இந்த வசனத்தை ம்யூட் போடு, அந்த முத்தக் காட்சியைப் பாதியாகக் குறை, இந்தச் சாதிப் பெயரை எடு என்று ஒரு கட் லிஸ்ட் கைக்கு வரும். தயாரிப்பாளர் சம்மதித்தால், விடிய விடிய உட்கார்ந்து வெட்டி ஒட்டி, மாற்றிய பகுதிகளைக் கொண்டுபோய்க் காட்டுவோம். சம்மதிக்கவில்லை என்றால் ‘ஏ’யோடு வெளியே வரலாம். ஆகவே ‘ஏ’ வாங்கிய படம் ‘யு/ஏ’ வாங்கிய படத்தைவிடக் கொடூரமானதாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஒருவர் வெட்ட மறுத்திருப்பார், இன்னொருவர் பன்னிரண்டு இடத்தில் தலையாட்டியிருப்பார். அந்த எழுத்து படத்தின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல. ஒரு பேரம் எங்கே நின்றது என்பதைச் சொல்கிறது.

பேரத்துக்கும் ஒரு அளவுகோல் வேண்டுமே. சட்டத்தின் 5-பி பிரிவு பெரிய விஷயங்களைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல். இவற்றுக்கு எதிராக இருந்தால் சான்றிதழே கிடையாது. அதன் கீழே மத்திய அரசு 1991-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்தான் அன்றாட வேலையில் அதிகம் புழங்குபவை. வன்முறையைப் பெருமைப்படுத்தக் கூடாது, குற்றம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுக்கக் கூடாது, குடியையும் போதையையும் நியாயப்படுத்தக் கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, பாலியல் வன்முறை கதைக்குத் தேவை என்றாலும் மிகக் குறைவாகவே காட்ட வேண்டும், இரட்டை அர்த்த வசனம் கூடாது என்று நீளும் பட்டியல் அது.

அந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே வழிகாட்டுதலில் இருக்கும் வேறொரு வரி: படத்தை மொத்தமாக வைத்து, அது ஏற்படுத்தும் ஒட்டுமொத்தத் தாக்கத்தைப் பார்த்து, கதை நடக்கும் காலத்தையும் இன்றைய சமூகத்தின் அளவுகோலையும் கணக்கில் எடுத்து மதிப்பிட வேண்டும். எத்தனை கொலை, எத்தனை கெட்ட வார்த்தை என்று எண்ணிப் போடும் சூத்திரம் இங்கே இல்லை. ஒரே கொலையைத் தூரத்திலிருந்து காட்டலாம். கத்தி இறங்குவதை மூன்று கோணத்தில் ஸ்லோமோஷனில் காட்டி, பின்னால் ஹீரோ இசையும் போடலாம். கணக்குக்கு இரண்டும் ஒரு கொலைதான். தாக்கம் ஒன்றா? வில்லன் செய்தால் ஒரு மாதிரி, நாயகன் செய்து தியேட்டர் விசிலடித்தால் வேறு மாதிரி. மாயாஜாலப் படத்தில் ராட்சசனை வெட்டுவதற்கும் பக்கத்துத் தெருவில் நடப்பதுபோல ஒருவரை வெட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. இதெல்லாம் பார்க்கிற மனிதரின் தீர்ப்பைப் பொறுத்தது. நான்கு பேர் மாறினால் தீர்ப்பும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். இது இந்த முறையின் பலவீனம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்ட வார்த்தையை எண்ணி எழுத்துப் போடுகிற முறை இதைவிட மோசமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

காலமும் அளவுகோலை மாற்றும். எம்.ஜி.ஆர். நடித்து 1951-ல் வந்த ‘மர்மயோகி’தான் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் தமிழ்ப் படம் என்று சொல்வார்கள். காரணம் ரத்தமோ படுக்கையறையோ இல்லை, பேய்! இன்றைக்குப் பேய்ப் படத்துக்குத்தான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமே போகிறது.

ஆய்வுக் குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் அடுத்த படி மறு ஆய்வுக் குழு, துறைக்குள் ‘ரிவைசிங்’. ஒரு தலைவரும் அதிகபட்சம் ஒன்பது உறுப்பினர்களும் இருப்பார்கள். முதலில் பார்த்தவர்கள் இதில் இருக்கக் கூடாது. இங்கே எழுத்து இறங்கவும் செய்யலாம், புதிதாக வெட்டுகள் சேரவும் செய்யலாம். முன்பு அதற்கு மேலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதி நெருங்கும் தயாரிப்பாளருக்குக் கோர்ட் படியேறும் அளவுக்கு நேரம் எங்கே இருக்கிறது? பலர் கட் லிஸ்டுக்கு ஒப்புக்கொள்வது அது நியாயம் என்பதால் அல்ல, வெள்ளிக்கிழமை வருவதால்.

நீதிமன்றம் போனவர்களின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. 1970-ல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், திரைப்படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற கலைகளைவிடச் சினிமா உணர்ச்சிகளை ஆழமாகத் தொடுகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். நம் ஊர் வழக்கு இன்னும் சுவாரசியமானது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு ‘யு’ கொடுத்தார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றிய படம் என்பதால் எதிர்ப்பு கிளம்பியது, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது: போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை. 2016-ல் ‘உட்தா பஞ்சாப்’ இந்திப் படத்தில் வாரியம் 13 மாற்றங்கள் கேட்டது. மும்பை உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டோடு படத்தை விடச் சொன்னது. மறுபக்கம், 2025-ல் ‘கூலி’ படத்துக்குக் கிடைத்த ‘ஏ’யை எதிர்த்துத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது மனு தள்ளுபடியானது.

எழுத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு? பணம். அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக்கதை உண்டு. தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் அரசு அறிவித்தது. 2011-ல் ஆட்சி மாறிய பிறகு கூடுதல் நிபந்தனைகள் வந்தன, அவற்றில் ஒன்று படம் ‘யு’ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ‘யு’ என்பது கௌரவ விஷயம் இல்லை, லாப நஷ்டக் கணக்கு. அந்த வருடங்களின் படங்களை இப்போது பாருங்கள்: வாய் அசையும், சத்தம் வராது, திடீரென்று ஒரு வசனம் பாதியில் விழுங்கப்படும். ‘யு/ஏ’யாக இயல்பாக இருந்திருக்க வேண்டிய எத்தனையோ படங்கள் ‘யு’வுக்காக ஊமையாக்கப்பட்டன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தச் சலுகையின் வடிவமே மாறிவிட்டது, ‘யு’ மோகமும் மெல்ல வடிந்தது. இன்று பெரிய நாயகர்களின் படங்களே ‘யு/ஏ’யோடு தயங்காமல் வருகின்றன.

ஆனால் ‘ஏ’ மீதான பயம் போகவில்லை. குடும்பக் கூட்டம் வராது என்பது ஒன்று. தொலைக்காட்சி என்பது இன்னொன்று. ‘ஏ’ படத்தை அப்படியே டிவியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டிக் குறைத்து, மறுபடி சென்சாருக்குக் கொண்டுபோய் வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். சாட்டிலைட் உரிமை பேசும் இடத்தில் அந்த ஒற்றை எழுத்து விலையை அசைத்துவிடும்.

ஓடிடியில் இந்த வாரியத்துக்கு வேலை இல்லை. அங்கே தளமே தன் படத்துக்கு வயதுக் குறியீடு போட்டுக்கொள்கிறது. வன்முறை, பாலியல், போதை என்று என்ன இருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். 13+ முதல் மேலே உள்ள படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். தியேட்டரில் பார்த்த படத்தில் இல்லாத காட்சி ஓடிடியில் திடீரென்று முளைப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே “தியேட்டர்ல பார்த்தோமே, பசங்க பார்க்கட்டும்” என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். யூடியூபில் வரும் டிரெய்லருக்கும் இதே கதைதான். தியேட்டரில் போடும் டிரெய்லருக்குத் தனியாகச் சான்றிதழ் வேண்டும், யூடியூப் டிரெய்லருக்கு வேண்டாம்.

இரண்டு விஷயங்களைச் சென்சார் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், அவை வேறு. புகைபிடிக்கும் காட்சியில் கீழே வரும் எச்சரிக்கை சுகாதாரத் துறையின் புகையிலைச் சட்ட விதிகளால் வருவது. ‘யு’ படமாக இருந்தாலும் போட்டாக வேண்டும். மாடு, குதிரை, சேவல் எதைக் காட்டினாலும் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். கிராமத்துப் படம் எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கட் லிஸ்டைவிட இந்தக் காகிதம்தான் தூக்கத்தைக் கெடுத்தது என்பார்கள்.

உங்கள் வீட்டு விஷயத்துக்குத் திரும்புகிறேன். 14 வயது மகனைக் கூட்டிப் போவதில் எனக்குத் தயக்கம் இல்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை. ஒன்பது வயது மகளுக்கு 16+ என்பது ஏழு வருட இடைவெளி. சட்டம் தடுக்காது, நான் தடுப்பேன். முதல் காட்சி பார்த்த யாரிடமாவது “வன்முறை இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லாப் படத்திலும் இருக்கிறது. “குழந்தைக்கு ஏதாவது ஆவது போலக் காட்சி இருக்கா, சித்திரவதை இருக்கா, பாலியல் வன்முறை இருக்கா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். எட்டு, ஒன்பது வயதில் மனதில் தங்கிவிடுபவை அவைதான். பத்துப் பேரைப் பறக்கவிடும் சண்டை வீட்டுக்கு வந்தவுடன் மறந்துவிடும்.

டிக்கெட் போடும்போது, விளம்பரத்தில் இருப்பதை நம்பாமல், முன்பதிவுப் பக்கத்தில் இருக்கும் எழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போஸ்டரில் வேறு எழுத்து இருந்து, கடைசி நேரத்தில் மாறியதுண்டு. அது ‘ஏ’ என்று மாறியிருந்தால் மகனையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மீசை அரும்பிய பையன்களிடம் இப்போது ஆதார் கேட்கிறார்கள், அதிலும் 18 நிறைந்திருக்க வேண்டும், நடந்துகொண்டிருந்தால் போதாது.